எய்ட்ஸ் கிருமி எந்தக் கதவால் நுழைகிறது?

ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஒரு நோயாளி. அதே தேசத்தில் எஸ்ஸன் நகரத்தில் மற்றொரு நோயாளி. இருவர் ரத்தத்திலும் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அது போதாதென்று இருவருக்கும் புற்றுநோய் வேறு வந்து சேர்ந்தது. ஒருவருக்கு ரத்தப் புற்று. மற்றவருக்கு நிணநீர்ப் புற்று. இருவருக்கும் வைத்தியர்கள் ஒரே யுக்தியைக் கையாண்டார்கள். எச்.ஐ.வி. எளிதில் அண்ட முடியாத அபூர்வமான உடற்கூறு படைத்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூல அணுக்களை எடுத்து நோயாளிக்கு ஏற்றினார்கள்.

பெர்லின் நோயாளியின் பெயர் டிமதி ரே பிரௌன். அமெரிக்கர். 2007-ல் அவருக்குச் சிகிச்சை நடந்தது. புற்று திரும்பியதால் 2008-ல் மறுபடியும் நடந்தது. எச்.ஐ.வி. மாத்திரைகளை நிறுத்திய பிறகும் கிருமி தலைகாட்டவில்லை. உலகத்தில் எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர் என்று அவரை எல்லாத் தேசத்துப் பத்திரிகைகளும் கொண்டாடின. 2020-ல் அவர் இறந்தபோதும் அவரைக் கொண்டு போனது பழைய ரத்தப் புற்றுதான், எச்.ஐ.வி. அல்ல.

எஸ்ஸன் நோயாளிக்கு நடந்தது வேறு. மூல அணுக்கள் நன்றாகத்தான் வேர் பிடித்தன. ஆனால் சில வாரங்களுக்குள் ரத்தத்தில் கிருமி பழையபடி பெருகிவிட்டது. 2014-ல் இந்தச் செய்தி வைத்தியப் பத்திரிகையில் வெளியானபோது, பெர்லின் அதிசயத்தை நம்பி மனக்கோட்டை கட்டியிருந்த பலர் திகைத்துப் போனார்கள். அந்த நோயாளியும் புற்றுநோய் திரும்பி இறந்து போனார்.

வைத்தியம் ஒன்று, தேசம் ஒன்று. பலன் மட்டும் ஏன் இரண்டாயிற்று? கிருமி மனித அணுவுக்குள் எப்படி நுழைகிறது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. அந்த நுழைவு முறையோ, கிருமியின் பரம்பரை ஏட்டில் உள்ள சில எழுத்துக்களைப் பொறுத்தது.

தப்பும் தவறுமாக எழுதும் ஏடு

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதலான அகலம்தான் எச்.ஐ.வி. கிருமிக்கு. அதன் பரம்பரை ஏட்டில் ஏறக்குறைய 9,700 எழுத்துக்கள். மனிதனுடைய ஏட்டில் 300 கோடி எழுத்துக்கள் இருப்பதை நினைத்துப் பார்த்தால் இது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒன்பதே ஜீன்கள். இத்தனை அற்பமான சரக்கை வைத்துக்கொண்டுதான் அது 40 வருஷங்களுக்கு மேலாக உலகத்தை ஆட்டி வைக்கிறது.

அதன் பலமே அதன் கவனக் குறைவுதான் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. அணுவுக்குள் புகுந்ததும் கிருமி தன் ஆர்.என்.ஏ. ஏட்டை டி.என்.ஏ.யாகப் பிரதி எடுக்கிறது. பிரதி எடுக்கும் நொதி சரிபார்த்து எழுதும் வழக்கமுடையதல்ல. சுமார் 30,000 எழுத்துக்கு ஒரு பிழை விடுகிறது. ஏட்டின் நீளத்தோடு கணக்குப் பார்த்தால், மூன்று பிரதிக்கு ஒரு பிரதியில் பிழை. மருந்து சாப்பிடாத நோயாளியின் உடம்பில் நாள் ஒன்றுக்கு 1,000 கோடி கிருமிகள் பிறக்கின்றன என்று 1996-ல் கணக்கிட்டார்கள். ஆகவே, எந்த எழுத்தை எப்படி மாற்றி எழுத முடியுமோ அத்தனையும் ஒரே உடம்பில், ஒரே நாளில் எழுதிப் பார்க்கப்படுகின்றன. பெரும்பாலானவை உதவாக்கரைப் பிரதிகள். அவை அழிந்துவிடும். எங்காவது ஒன்று புது வித்தையுடன் பிறந்துவிட்டால், அதன் சந்ததி பெருகிவிடும்.

ஒருவருக்குள் இருப்பது ஒரே கிருமி என்று நினைப்பதே தவறு. ஒரு ஊரே குடியிருக்கிறது. ஊரில் நாலுவிதமான ஆட்கள் இருப்பதுபோல அங்கேயும் நாலு ரகம் உண்டு.

திண்ணையும் உள்கதவும்

கிருமியின் மேலுறையில் சுமார் ஒரு டஜன் முட்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முள்ளிலும் இரண்டு பாகம். வெளியே தெரிவது ஜி.பி.120 என்ற புரோட்டீன். அதைத் தாங்கி நிற்பது ஜி.பி.41. இரண்டும் ஒரே ஜீனிலிருந்து ஒரே துண்டாக உற்பத்தியாகிப் பிறகு வெட்டப்படுகின்றன.

இந்த முள் எங்கே குத்துகிறது? ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் 'சி.டி.4' என்ற அடையாளம் தாங்கிய ஒரு வகை உண்டு. உடம்பின் காவல் படைக்கு உத்தரவு கொடுக்கும் அணுக்கள் இவை. இந்த அடையாளத்தைத்தான் கிருமி பிடித்துக்கொள்கிறது என்பதை 1984-ல் பிரிட்டனிலும் பிரான்ஸிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். விஷயம் தீர்ந்தது என்றுதான் அப்போது தோன்றியது.

தீரவில்லை. மனித சி.டி.4-ஐ எலியின் அணுக்களில் பதித்துப் பார்த்தார்கள். கிருமி வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே போக முடியவில்லை! பழைய காலத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். யார் வேண்டுமானாலும் வந்து திண்ணையில் உட்காரலாம். உள்ளே போக வேண்டுமானால் கதவைத் திறந்தாக வேண்டும். சி.டி.4 வெறும் திண்ணைதான். கதவு எது என்று தெரியாமல் பத்து வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

விடை வந்தது வேறு திசையிலிருந்து. 1995 டிசம்பரில் அமெரிக்காவில் ராபர்ட் காலோவும் பாவ்லோ லூஸ்ஸோவும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஒரு செய்தி வெளியிட்டார்கள். உடம்பே சுரக்கும் மூன்று ரசாயனத் தூதுப் பொருள்கள் கிருமியைத் தடுக்கின்றன என்பதே அது. சில மாதங்கள் கழித்து, 1996 மே மாதத்தில், எட்வர்ட் பெர்கர் என்பவரின் கோஷ்டி ஒரு கதவைக் கண்டுபிடித்தது. அதன் பெயர் இன்று சி.எக்ஸ்.சி.ஆர்.4. ஆனால் ஒரு சிக்கல். ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துப் பழக்கிய கிருமிகளே இந்தக் கதவை விரும்பின. நோயாளியிடமிருந்து புதிதாக எடுத்த கிருமிகள் பல இதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அடுத்த மாதமே, ஜூனில், ஐந்து கோஷ்டிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டாவது கதவைக் கண்டுபிடித்தன. அது சி.சி.ஆர்.5. காலோ கோஷ்டி சொன்ன மூன்று தூதுப் பொருள்களும் வழக்கமாக வந்து உட்காரும் இடம் இதுவேதான்! அவை முந்தி வந்து கதவை அடைத்துக்கொண்டால் கிருமிக்கு வழியில்லை. இரண்டு புதிர்கள் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

கிருமி முதலில் திண்ணையில் உட்காருகிறது. உட்கார்ந்ததும் ஜி.பி.120 தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. அதுவரை மடியில் ஒளித்து வைத்திருந்த சாவியை வெளியே நீட்டுகிறது. சாவி கதவில் பொருந்தியதும், உள்ளேயிருந்து ஜி.பி.41 ஈட்டிபோலப் பாய்ந்து அணுவின் மேல்தோலில் குத்திக்கொள்கிறது. பிறகு அது மடங்கி, கிருமியின் உறையையும் அணுவின் தோலையும் ஒன்றோடொன்று இழுத்து ஒட்ட வைக்கிறது. ஓட்டை விழுந்ததும் சரக்கு உள்ளே இறங்கிவிடுகிறது.

சாவியை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? வெளியே தெரிந்தால் உடம்பின் எதிர்ப்புப் பொருள்கள் அதைப் பிடித்து முறித்துவிடும். கடைசி நிமிஷம் வரை மறைத்து வைப்பதுதான் பிழைக்கும் வழி. தடுப்பு ஊசி தயாரிப்பதில் பட்ட பாடுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

முப்பத்தைந்து மணிகள்

அந்தச் சாவிதான் 'வி 3' வளையம். சுமார் 35 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சிறு மாலை. சி.சி.ஆர்.5 கதவைத் திறக்கும் கிருமிகளுக்கு 'ஆர் 5' என்றும், சி.எக்ஸ்.சி.ஆர்.4 கதவைத் திறப்பவற்றுக்கு 'எக்ஸ் 4' என்றும் 1998-ல் பெயர் வைத்தார்கள். இரண்டையும் திறக்கும் கெட்டிக்காரக் கிருமிகளும் உண்டு.

இதில் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. கதவுகளைக் கண்டுபிடிப்பதற்கு நான்கு வருஷம் முன்பே, 1992-ல், ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் சாவியின் ரகசியத்தைப் பாதி படித்துவிட்டார்கள். சில நோயாளிகளின் கிருமிகள் ஆய்வுக்கூடத்தில் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய பூதமாக ஆக்குவதையும், அப்படிப்பட்ட நோயாளிகள் சீக்கிரம் நலிவதையும் அவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அந்தக் கிருமிகளின் ஏட்டைப் படித்ததில், மாலையின் 11-வது மணியிலோ 25-வது மணியிலோ லைசின், ஆர்ஜினின் போன்ற நேர் மின்னேற்றம் உடைய அமிலம் வந்து உட்கார்ந்திருந்தது. பிறகு கதவு கிடைத்ததும் அர்த்தம் புரிந்தது. சி.எக்ஸ்.சி.ஆர்.4-ன் முகப்பில் எதிர் மின்னேற்றம் அதிகம். நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

ஒரு மனிதனிடமிருந்து மற்றொருவனுக்குத் தொற்றுவது பெரும்பாலும் ஆர் 5 ரகமே. எக்ஸ் 4 ரகம், வருமானால், பல வருஷங்கள் கழித்து உள்ளேயே தோன்றுகிறது. ஐரோப்பா, அமெரிக்காவில் மருந்தில்லாமல் முற்றிய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. அது வந்ததும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை சரசரவென்று சரிகிறது. அனுபவப்பட்ட அணுக்களின் வாசலில் சி.சி.ஆர்.5 கதவு உண்டு; இன்னும் களம் காணாத இளம் அணுக்களின் வாசலிலோ சி.எக்ஸ்.சி.ஆர்.4. இளம் அணுக்களை அழிப்பது விதைநெல்லைத் தின்பதற்குச் சமானம். ஆனால் எக்ஸ் 4 வந்ததால் உடம்பு சரிந்ததா, உடம்பு சரிந்ததால் எக்ஸ் 4 தலையெடுக்க முடிந்ததா என்ற வழக்குக்கு விஞ்ஞானிகள் இன்னும் முடிவான தீர்ப்புச் சொல்லவில்லை.

கிருமியின் குடும்பத்துக்குக் குடும்பம் இந்தக் குணம் வேறுபடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் 'டி' குடும்பம் சீக்கிரமே எக்ஸ் 4-க்கு மாறக்கூடியது. அதனால் நோயும் வேகமாக முற்றுகிறது. உலகத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் உள்ளது 'சி' குடும்பம். தென் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இதன் ஆட்சிதான். இது பெரும்பாலும் கடைசிவரை ஆர் 5 ஆகவே இருக்கிறது. சாவியை மாற்றாமலே இது உலகத்தில் அதிகமாகப் பரவியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைச் சேர்ந்த டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்று சோதித்தார்கள். அதற்குமுன், இந்தியாவில் இந்த வியாதி வராது என்று மார்தட்டியவர்கள் பலர். கிருமிக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

கதவே இல்லாத வீடு

1996 ஆகஸ்டில் மற்றொரு ஆச்சரியம் வெளியாயிற்று. எத்தனையோ தடவை கிருமியின் எதிரில் நின்றும் தொற்றாமல் தப்பியவர்கள் சிலர் நியூயார்க்கில் இருந்தார்கள். அவர்களில் இருவருடைய ஜீன்களைச் சோதித்தபோது, சி.சி.ஆர்.5 ஜீனில் 32 எழுத்துக்கள் விட்டுப் போயிருந்தன. தாயிடமிருந்து வந்த பிரதியிலும் இல்லை. தகப்பனிடமிருந்து வந்த பிரதியிலும் இல்லை. அதனால் அவர்களுடைய அணுக்களின் வாசலில் அந்தக் கதவே கிடையாது. கிருமி திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஐரோப்பிய வம்சத்தவரில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இந்த இரட்டைக் குறை உண்டு. குறை என்று சொல்வதா, கொடை என்று சொல்வதா? ஒரு பிரதியில் மட்டும் எழுத்து விடுபட்டவர்களுக்குத் தொற்று வரும். ஆனால் நோய் மெதுவாக முற்றும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இது மிக மிக அபூர்வம். நோயாளிகள் எங்கே அதிகமோ அங்கே இந்த அதிர்ஷ்டசாலிகள் இல்லை.

பெர்லினில் கெரோ ஹ்யூட்டர் என்ற டாக்டருக்கு உதித்த யோசனை இதிலிருந்து வந்ததுதான். எப்படியும் நோயாளிக்கு மூல அணு மாற்ற வேண்டும். கதவில்லாத ஒருவரின் அணுவையே மாற்றினால் என்ன? பொருத்தமானவர்களை வரிசையாகச் சோதித்துக்கொண்டே போய், 61-வது ஆளிடம் தேடியது கிடைத்தது.

இப்போது எஸ்ஸன் விஷயத்துக்கு வரலாம். அந்த நோயாளியின் உடம்பில் மாற்று சிகிச்சைக்கு முன்பே எக்ஸ் 4 ரகம் ஒரு சிறுபான்மையாகப் பதுங்கியிருந்தது. சி.சி.ஆர்.5 கதவுகள் ஒழிந்ததும் ஆர் 5 கூட்டம் பட்டினி கிடந்தது. மற்றக் கதவின் சாவி வைத்திருந்த சிறுபான்மை, போட்டி இல்லாத மைதானத்தில் வெகு வேகமாகப் பெருகிற்று. மாற்று சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே எச்.ஐ.வி. மருந்து நிறுத்தப்பட்டிருந்ததும் அதற்கு அனுகூலமாயிற்று.

அப்படியானால் டிமதி பிரௌனிடம் எக்ஸ் 4 இல்லையா? இங்கேதான் கதை முறுக்கிக்கொள்கிறது. அவருடைய பழைய மாதிரிகளின் எழுத்துக்களைக் கணிப்பொறியில் போட்டுப் படித்தபோது, எக்ஸ் 4 ஆக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கும்படியான கிருமிகள் சிறு அளவில் இருக்கத்தான் செய்தன. அவை ஏன் திரும்பவில்லை? அந்தச் சாவிகளை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். எழுத்தைப் பார்த்தால் எக்ஸ் 4, நடத்தையிலோ சி.சி.ஆர்.5 இல்லாமல் அவற்றால் பிழைக்க முடியவில்லை. 2014-ல் இந்த முடிவு வெளியாயிற்று. ஜாதகம் ஒன்று சொல்ல, நடப்பு வேறாக இருந்தது. 11-வது மணி, 25-வது மணி என்ற கணக்கு ஒரு நல்ல குறிப்பே தவிர, தீர்ப்பு அல்ல. மாலையின் மற்ற மணிகளும், மாலைக்கு வெளியே உள்ள பாகங்களும் சாவியின் வடிவத்தில் கை வைக்கின்றன.

கதவை அடைக்கும் மாத்திரை

நோயாளிகள் எல்லோருக்கும் மூல அணு மாற்ற முடியாது. அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகலாம். புற்று இல்லாதவருக்கு அதைச் செய்வது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். ஆகவே கதவை மாத்திரையால் அடைக்க முடியுமா என்று பார்த்தார்கள். 2007 ஆகஸ்டில் பைசர் கம்பெனியின் 'மாராவிராக்' அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை வந்த மாத்திரைகள் கிருமியின் உறுப்புகளைத் தாக்கின. இது கிருமியைத் தொடுவதே இல்லை. மனித அணுவின் சி.சி.ஆர்.5 கதவில் புகுந்து அதன் வடிவத்தைத் திருகிவிடுகிறது.

ஆனால் எஸ்ஸனில் எழுந்த அதே கேள்வி இங்கும் உண்டு. நோயாளியிடம் எக்ஸ் 4 இருந்தால் மாத்திரை பலிக்காது. எனவே மருந்து கொடுப்பதற்கு முன்பு, கிருமி எந்தக் கதவைத் திறக்கிறது என்று சோதித்தே ஆக வேண்டும். முதலில் வந்த சோதனை போதிய கூர்மை உள்ளதாக இல்லை. புது நோயாளிகளிடம் நடத்திய பெரிய பரீட்சையில் மாராவிராக் பழைய மருந்துக்குச் சற்றுக் கீழே நின்றது. பிறகு கூர்மையான சோதனை வந்தது. பழைய மாதிரிகளைத் திரும்பச் சோதித்ததில், பரீட்சையில் சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் எக்ஸ் 4 ஒளிந்திருந்தது தெரிந்தது. அவர்களை விலக்கிக் கணக்குப் போட்டதும் மருந்து தேறிவிட்டது! 2009-ல் புது நோயாளிகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பல தேசங்களில் வி 3 மாலையின் எழுத்துக்களைப் படித்தே கணிப்பொறி மூலம் கதவை ஊகிக்கிறார்கள். செலவும் நேரமும் குறைவு. ஊகம் தவறக்கூடும் என்பதற்கு டிமதி பிரௌனே சாட்சி.

சில கிருமிகள் இன்னொரு தந்திரமும் செய்கின்றன. மருந்து உட்கார்ந்து வடிவம் மாறிய கதவையே திறக்கும்படி சாவியைத் திருத்திக்கொள்கின்றன.

மற்றக் கதவை அடைத்தால் என்ன என்று கேட்கலாம். முயன்றார்கள். ஏ.எம்.டி.3100 என்ற பொருள் சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐ அடைத்தது. ஆனால் அந்தக் கதவு உடம்புக்கு மிகவும் வேண்டியது. சி.சி.ஆர்.5 இல்லாமல் மனிதர் வாழ்கிறார்கள், சி.எக்ஸ்.சி.ஆர்.4 இல்லாத எலிக்குஞ்சு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது. எய்ட்ஸ் மருந்தாக அது தேறவில்லை. ஆனால் அதைக் கொடுத்ததும் எலும்பு மஜ்ஜையிலிருந்து மூல அணுக்கள் ரத்தத்துக்கு ஓடி வந்ததைக் கவனித்தார்கள். 2008-ல் பிளெரிக்ஸாஃபர் என்ற பெயரில் அதே பொருள், புற்றுநோயாளிகளுக்கு மாற்றுவதற்காக மூல அணு சேகரிக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. எய்ட்ஸுக்குச் செய்த சாவி வேறு பூட்டைத் திறந்தது!

ஷென்சென் விபரீதம்

இந்த விஞ்ஞானத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைச் சீனாவில் நடந்த சம்பவம் காட்டிற்று. 2018 நவம்பரில் ஷென்சென் நகரத்து விஞ்ஞானி ஹெ ஜியான்குய் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கருவிலேயே சி.சி.ஆர்.5 ஜீனை வெட்டித் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்திருப்பதாகச் சொன்னார். தகப்பனுக்கு எச்.ஐ.வி. இருந்தது, குழந்தைகளுக்கு வராமல் தடுக்கவே இதைச் செய்ததாக அவர் கூறிய சமாதானம்.

சமாதானம் எடுபடவில்லை, எடுபடவும் கூடாது. தகப்பனிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க, விந்தைக் கழுவிச் சுத்தம் செய்யும் சாதாரண முறையே உண்டு. வெட்டிய வெட்டும் இயற்கையில் காணப்படும் 32 எழுத்துக் குறையைப் போல அமையவில்லை. அப்படியே அமைந்திருந்தாலும் எக்ஸ் 4 கிருமிக்கு அது தடையாகாது. சி.சி.ஆர்.5 வெறும் அலங்காரக் கதவும் அல்ல. அது இல்லாதவர்களை மேற்கு நைல் காய்ச்சல் கடுமையாகத் தாக்குகிறது என்று 2006-லேயே அமெரிக்க ஆராய்ச்சி சொன்னது. கேட்டுச் சம்மதிக்கும் வயதில்லாத இரண்டு குழந்தைகளின் பரம்பரையில், அவசியமே இல்லாமல் கை வைத்தார் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். 2019 டிசம்பரில் கோர்ட் அவருக்கு மூன்று வருஷச் சிறைத் தண்டனையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. 2022-ல் அவர் விடுதலையானார்.

வளர்ந்த மனிதரின் ரத்த அணுக்களில் மட்டும் இந்த ஜீனை வெட்டுவது வேறு விஷயம். அது சந்ததிக்குப் போகாது. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் 12 நோயாளிகளுக்கு அப்படித் திருத்திய அணுக்களைத் திரும்ப ஏற்றிய முடிவுகள் 2014-ல் வெளியாயின. ஆபத்து அதிகம் இல்லை என்பது தெரிந்தது. ஆனால் எல்லா அணுவையும் திருத்த முடியாததால் பலன் ஓரளவோடு நின்றது.

ஜெனீவாவிலிருந்து வந்த குழப்பம்

பெர்லினுக்குப் பிறகு லண்டன் நோயாளியும் டுஸ்ஸல்டார்ஃப் நோயாளியும் கதவில்லாத மூல அணுக்களால் குணமானதாக 2019, 2023 ஆண்டுகளில் செய்திகள் வந்தன. விஷயம் தெளிவாகிவிட்டது என்று எண்ணிய வேளையில், 2023 ஜூலையில் ஜெனீவாவிலிருந்து ஒரு செய்தி. அங்கே ஒரு நோயாளிக்கு 2018-ல் ஏற்றியது சாதாரண மூல அணுக்களே, சி.சி.ஆர்.5 கதவுகள் உள்ளவை. 2021 நவம்பரில் மருந்தை நிறுத்தினார்கள். கிருமி திரும்பவில்லை! 2024-ல் பெர்லினிலிருந்தே இரண்டாவது நோயாளி பற்றிய அறிவிப்பு வந்தது. அவருக்கு அணு கொடுத்தவருக்கு ஒரு பிரதியில் மட்டுமே குறை. கதவுகள் இருக்கத்தான் செய்தன. அவரும் 2018-லிருந்து மருந்தில்லாமல் இருந்து வந்தார்.

ஆக, கதவை நீக்குவது மட்டுமே மந்திரம் அல்ல. புதிதாக வந்த அணுக்கள் பழைய அணுக்களை அந்நியராகக் கருதித் தேடி அழிக்கும்போது, அவற்றுக்குள் பதுங்கியிருந்த கிருமியின் ஏடுகளும் சேர்ந்து அழிகின்றன என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். புதிய அணுக்கள் குடியேறி முடியும்வரை அவற்றைக் கிருமியிடமிருந்து காப்பாற்ற மருந்தோ, கதவில்லாமையோ உதவுகிறது. இந்த விளக்கம் நிலைத்தால், எஸ்ஸனில் எக்ஸ் 4 மட்டும் குற்றவாளி அல்ல. மருந்து முன்னதாக நின்றதும் கூட்டாளி.

இப்படிக் குணமானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2024 முடிவில் உலகத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தவர்களோ 4 கோடியே 8 லட்சம் பேர் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் எய்ட்ஸ் ஸ்தாபனத்தின் மதிப்பு. மருந்து பெற்றவர்கள் 3 கோடியே 16 லட்சம். அந்த ஒரே வருஷத்தில் எய்ட்ஸ் சம்பந்தமாக இறந்தவர்கள் 6 லட்சத்து 30 ஆயிரம். இவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது மூல அணுவோ ஜீன் கத்தரியோ அல்ல. தினம் ஒரு மாத்திரை. எந்தக் கதவால் கிருமி நுழைந்தாலும், நுழைந்தபின் அது பிரதி எடுப்பதையும் அந்தப் பிரதியை மனித ஏட்டில் ஒட்டுவதையும் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து தாம்பத்தியத்தின் மூலம் மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

இந்தியாவில் 2004 ஏப்ரல் 1-ந் தேதி சர்க்கார் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் தொடங்கிய சில ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. இன்று அந்தத் திட்டத்தின் முக்கிய மருந்து டோலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை. இதற்குக் கதவுச் சோதனை தேவையில்லை. கிருமி ஆர் 5 ஆனாலும் எக்ஸ் 4 ஆனாலும் ஒன்றுதான்.

ஆப்பிரிக்காவில் பல தேசங்கள் இதே மாத்திரைக்கு அமெரிக்க உதவியை நம்பி நின்றன. 2003-ல் ஜார்ஜ் புஷ் தொடங்கிய திட்டம் அது. 2025 ஜனவரியில் புதிய அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது அத்திட்டமும் ஆட்டம் கண்டது. உயிர் காக்கும் மருந்துக்குப் பிறகு விலக்கு அளித்தார்கள். அதற்குள் பல இடங்களில் கிளினிக்குகள் மூடப்பட்டுவிட்டன. மருந்து நின்றால் கிருமி மறுபடி பிரதி எடுக்கத் தொடங்கும். மூன்றுக்கு ஒன்று பிழையோடு. இடையிடையே விட்டு விட்டு மருந்து சாப்பிடுகிறவர்களின் உடம்பில், அந்தப் பிழைகளிலிருந்துதான் மருந்துக்கு அடங்காத ரகங்கள் பிறக்கின்றன.